கடல்குதிரை பத்தி கேட்டவங்களுக்கு

நான் தலவாக்கலை பக்கம் தோட்டத்துல பொறந்தவ, இப்ப கல்பிட்டில புத்தளம் களப்பு ஓரமா வேல. போன வாரம் போட்ட போட்டோவுல இருக்கது குடாங்கிற கடல்குதிரை இனம், அறிவியல் பேரு ஹிப்போகேம்பஸ் குடா. நெறைய பேர் கேட்டீங்க, எல்லாத்துக்கும் இங்கயே சொல்லிர்றேன்.

ஹட்டன் தம்பி: அக்கா, அது மீனா இல்ல வேற எதுவுமா?

மீன் தான்பா, செவுளு இருக்கே. செதில் தான் இல்ல, தோலுக்கு அடியில எலும்பு வளையம் வளையமா இருக்கும். வால்ல துடுப்பு கெடையாது, முதுகுல இருக்க சின்னத் துடுப்ப படபடன்னு அடிச்சு தான் நகரும், அதனால நீரோட்டத்துல அடிச்சிட்டுப் போயிராம வாலால கடல்புல்ல சுத்திப் புடிச்சிக்கிட்டு அப்பிடியே நிக்கும். புல்லு நெறத்துக்கே மாறிரும். நான் முதல்ல பாத்தது அதோட கண்ண தான், ஒண்ணு என்னைப் பாக்குது, மத்தது வேற பக்கம் திரும்புது!

பண்டாரவளை அக்கா: ஆம்பள தான் புள்ள பெறுதாமே, நெசமா?

நெசம் தான்க்கா. பொம்பள முட்டைய ஆணோட வயித்துப் பையில விட்டுரும், கரு கூடுறது அங்க தான், சும்மா பை மட்டும் இல்ல, உள்ள ஆக்சிஜன் கொடுத்து உப்பையும் சரி பண்ணி வளக்கும். மூணு நாலு வாரத்துல உடம்ப மடக்கி மடக்கி நூத்துக்கணக்குல வெளிய தள்ளும், ஒவ்வொண்ணும் ஒரு சென்டிமீட்டர் கூட வராது. அப்புறம் அப்பன் பாக்க மாட்டான், முக்காவாசி மத்த மீனுக்கு எரையாயிரும்.

நுவரெலியா தம்பி: வீட்ல தொட்டில வளக்கலாமா? இல்லன்னா காசல்ரீ நீர்த்தேக்கத்துல விடலாமா?

ரெண்டும் வேணாம் தம்பி. ஆத்துத்தண்ணில செத்துரும். தொட்டின்னா கடல் உப்பு அளவா இருக்கணும், உங்க ஊர் குளிருக்கு ராப்பகலா ஹீட்டர் போட்டு தண்ணிய 25 டிகிரி கிட்ட வெச்சிருக்கணும். அத விட சாப்பாடு தான் பெரிய கஷ்டம். அதுக்கு பல்லும் இல்ல இரைப்பையும் இல்ல, நம்ம சம்பலுக்குப் போடுற கூனி இருக்கே, அத விட பொடிசா உயிரோட இருக்கத குழாய் வாயால 'டிக்'னு உறிஞ்சும், நாள் பூரா தின்னுட்டே இருக்கணும். கடல்ல புடிச்சது செத்த தீனிய லேசுல தொடாது, பட்டினில தான் சாகும்.

பதுளை தங்கச்சி: அம்மாச்சிக்கு மூச்சு இழுப்பு, காஞ்ச கடல்குதிரைய பொடி பண்ணிக் குடுக்க சொல்றாங்க.

குடுக்காதம்மா. இழுப்பு அதால நிக்கும்னு ஒரு ஆதாரமும் இல்ல. காயவெச்சு விக்கிறதுல நெறைய இழுவ வலைல தப்பா மாட்டுனது, அந்த வலை புல்லையும் வேரோட பேத்துரும், 2017ல நம்ம நாட்டுல அத தடை பண்ணிட்டாங்க. 2004ல இருந்து கடல்குதிரை ஏத்துமதிக்கும் உலக அளவுல கட்டுப்பாடு இருக்கு. அம்மாச்சிய இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போ, இன்ஹேலர் எப்பிடி இழுக்குறதுன்னு நர்ஸ்கிட்ட கேட்டு பக்கத்துல நின்னு பழக்கி விடு.