வீட்டு விலையில் எப்போது கை வைப்பது?

சிங்கப்பூரில் வீடு விற்பது பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் நான்கறை வீட்டை 640,000 வெள்ளிக்கு விளம்பரம் செய்து பத்து வாரம் ஆகிறது. 14 பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேர் விலை கேட்டார்கள்: 598,000, 600,000, 605,000. "பத்தாயிரம் குறைத்துப் பார்ப்போம்" என்கிறார் முகவர். குறைக்கலாமா?
– வாசகர், ஈசூன்

குறைக்க வேண்டியதுதான். ஆனால் பத்தாயிரம் குறைத்தால் ஒன்றும் நடக்காது.

உங்கள் கடிதத்தில் முக்கியமானது பத்து வாரம் அல்ல, அந்த மூன்று எண்கள். தொலைபேசி அழைப்பே வராத வீட்டில் கோளாறு படத்திலோ, விளம்பரத்திலோ, வாங்கத் தகுதியுள்ளவர்கள் குறைவாக இருப்பதிலோ இருக்கலாம். பலர் வந்து பார்த்தும் ஒருவர்கூட விலை பேசவில்லை என்றால், படத்தில் தெரியாத ஏதோ ஒன்று நேரில் கண்ணில் படுகிறது: மேற்கு வெயில், எம்ஆர்டி சத்தம், கழிவறைக் கூரையில் நீர்க்கசிவு. இந்த இரண்டிலும் விலைக்கு முன் வேறு வேலை இருக்கிறது. உங்கள் நிலை அப்படியில்லை. ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் 7,000 வெள்ளி வித்தியாசத்துக்குள் விலை சொல்லியிருக்கிறார்கள். சந்தை பதில் சொல்லிவிட்டது என்றுதான் பொருள்.

அவர்கள் ஏன் அங்கேயே நிற்கிறார்கள்? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) இணையத்தளத்தில் மறுவிற்பனை விலைப் பட்டியலைத் திறந்து, உங்கள் புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலும் கடந்த ஆறு மாதத்தில் விற்ற நான்கறை வீடுகளை எடுங்கள். மாடி எண் மூன்று மூன்றாகத் தொகுத்துத்தான் இருக்கும் (07 முதல் 09 வரை என்பதுபோல). அதே மாடி வரிசை, அதே பரப்பளவு, அதே ஆண்டில் தொடங்கிய குத்தகை என்று வடிகட்டுங்கள். ஆக உயர்ந்த விலையை மறந்துவிடுங்கள். எல்லாரும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கடைசியாக விற்ற மூன்று போதும்.

அந்த மூன்றும் 602,000, 608,000, 615,000 என்று வைத்துக்கொள்வோம். வீவக மதிப்பும் ஏறக்குறைய அங்கேதான் விழும். 2014 மார்ச் முதல், விலை பேசி முடித்து ஆப்ஷன் பத்திரம் (வாங்கும் உரிமைப் பத்திரம்) கைமாறிய பிறகுதான் வாங்குபவர் மதிப்பைக் கேட்க முடியும். மதிப்பு 610,000 என்று வந்தால், உங்கள் 640,000இல் மீதி 30,000 வெள்ளியை அவர் ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும். அதற்கு மத்திய சேம நிதியும் (மசேநி) உதவாது, கடனும் கிடையாது. வீவக கடன் 2024 ஆகஸ்ட் 20 முதல் 75 விழுக்காடுதான். அதுவும் விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில். 610,000க்கு 457,500 கடன். மீதி 152,500ஐ மசேநியிலிருந்து தரலாம். அதற்கு மேல் அந்த 30,000 ரொக்கம். நீங்கள் 10,000 குறைத்தால் ரொக்கம் 20,000 ஆகும். முப்பதாயிரம் இல்லாத இளம் தம்பதியிடம் இருபதாயிரமும் இருக்காது. நீங்கள் குறைப்பது வீட்டின் விலையை என்று நினைக்க வேண்டாம். வாங்குபவரின் ரொக்கத்தைக் குறைக்கிறீர்கள். அந்தக் கணக்கில்தான் எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும்.

எனவே ஒரே முறையில் 618,000க்கு இறக்குங்கள். 608,000 முதல் 612,000க்குள் முடியும் என்று எதிர்பார்க்கலாம். 640, 630, 625 என்று மாதாமாதம் சொட்டுச் சொட்டாகக் குறைத்தால், வாங்க வருபவரின் முகவர் அந்த வரலாற்றைப் பார்த்துவிட்டு "அடுத்த மாதமும் குறைப்பார்" என்று சொல்லி நிறுத்திவைப்பார்.

விளம்பரத்தை மாற்றும் முன் இன்னொரு வேலை. வந்து பார்த்த 14 பேரின் முகவர்களுக்கும் முதலில் தகவல் சொல்லுங்கள். வீட்டைப் பார்த்து, பிடித்து, விலைக்காக விலகியவர் அவர்களில் ஒருவராவது இருப்பார். அதன் பிறகு புதன் அல்லது வியாழன் விளம்பரத்தில் விலையை மாற்றினால், சனி ஞாயிறுக்குள் பார்வையாளர் வருவார்கள்.

காத்திருக்கும் செலவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 200,000 வெள்ளி வீவக கடன் பாக்கியிருந்தால் 2.6 விழுக்காட்டில் மாதம் 433 வெள்ளி வட்டி, அதோடு பராமரிப்புக் கட்டணம். பயப்பட வேண்டியது வேறு. விலை ஓடி ஏறிய ஆண்டுகளில் கூடுதலாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலே, சந்தை ஏறி வந்து உங்கள் விலையைத் தொட்டுவிடும். 2025இல் மறுவிற்பனை விலைக் குறியீடு முதல் மூன்று காலாண்டுகளில் 1.6, 0.9, 0.4 விழுக்காடு என்று ஏறியது. இந்த வேகத்தில் 610,000 வீடு 640,000ஐ எட்டுவதற்குள் நீங்கள் களைத்துவிடுவீர்கள்.

கேள்வி: வீட்டைப் பார்த்த இரண்டு சீனக் குடும்பங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் இன ஒதுக்கீட்டால் எங்களிடம் வாங்க முடியாது என்று தெரிந்தது. நாங்கள் இந்தியர்கள். வந்த ஒரே இந்தியக் குடும்பம் 40,000 குறைத்துக் கேட்கிறது. நான்கு மாதம் ஆகிறது. விலையை இறக்குவதுதான் வழியா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

உடனே இறக்க வேண்டாம்.

1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒரு புளோக்கில் சீனர்கள் 87 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 25, இந்தியரும் மற்றவரும் 15 வரை இருக்கலாம். அக்கம்பக்க வட்டாரத்துக்கு 84, 22, 12. உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது. அதனால் இந்தியர் வீட்டைச் சீனர் வாங்க முடியாது. மலாய்க்காரர் வரம்பு நிரம்பாவிட்டால் அவர்கள் வாங்கலாம். இந்தியர் வரம்பு நிரம்பியிருந்தாலும் இந்தியருக்கு நீங்கள் விற்கலாம், ஏனென்றால் விகிதம் மாறுவதில்லை. இந்தக் கடைசி விவரம் பலருக்குத் தெரிவதில்லை. "இந்தியர் கோட்டா முடிந்துவிட்டது" என்று கேள்விப்பட்டுத் திரும்பிப்போகும் இந்தியக் குடும்பங்கள் உண்டு. உங்கள் விளம்பரத்தின் முதல் வரியிலேயே "இந்தியர், மலாய்க்காரர் வாங்கலாம்" என்று போடச் சொல்லுங்கள். இந்தியர் வரம்பு நிரம்பிய மற்ற புளோக்குகளில் வீடு கிடைக்காமல் அலைபவருக்கு உங்கள் வீடு அரிய பொருள். இப்படியொரு பிடி உங்கள் கையிலும் இருக்கிறது.

குறைந்த பேர் மட்டுமே வாங்கக்கூடிய வீட்டில் விலையைக் குறைத்தால், புதிதாக யாரும் வந்துவிட மாட்டார்கள். அதே நான்கைந்து பேர்தான் இன்னும் கீழே கேட்பார்கள். அதனால் இங்கே கால அளவு நீள வேண்டும். மற்றவர்கள் இரண்டு மாதத்தில் முடிவெடுத்தால் நீங்கள் நான்கு, ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீட்டு நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் நாள் புதுப்பிக்கப்படுகிறது. வரம்பின் விளிம்பில் உள்ள புளோக்கில் ஒரு வீடு கைமாறினாலே கதவு திறக்கலாம். ஒன்றாம் தேதி வீவக இணையத்தளத்தில் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். திறந்த மாதத்தில், அந்த இரண்டு சீனக் குடும்பங்களை அன்றைக்கே அழையுங்கள். ஆப்ஷன் கொடுக்கும் முன் ஒருமுறையும் விண்ணப்பம் அனுப்பும் முன் ஒருமுறையும் நிலவரத்தைச் சரிபாருங்கள். இடையில் மூடிக்கொண்டால் எல்லாம் வீண்.

40,000 என்பது பேரத்தின் தொடக்கம். பக்கத்தில் விற்ற விலையிலிருந்து 10,000, 15,000 வரை இறங்கி முடிப்பது இப்படிப்பட்ட புளோக்கில் நியாயமான விட்டுக்கொடுப்பு. வீட்டை வாங்கி 10 ஆண்டுக்கு மேலாகி, ஆறு மாதமாவது உண்மையாக முயன்றும் விற்க முடியாவிட்டால், வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும்படி கேட்கலாம். 2022இல் அறிவிக்கப்பட்ட உதவி அது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகத்தான் பரிசீலிப்பார்கள். அதனால் விளம்பரம், வந்து பார்த்தவர்கள், கேட்ட விலை எல்லாவற்றையும் தேதியோடு இப்போதே எழுதி வையுங்கள்.

கேள்வி: 1978இல் குத்தகை தொடங்கிய மூவறை வீடு. மூன்று ஆண்டுக்கு முன் 50,000 வெள்ளி செலவழித்துப் புதுப்பித்தோம். வருகிற இளம் தம்பதிகள் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். விலை அதிகமா?
– வாசகர், அங் மோ கியோ

விலையைவிட, வருகிற ஆள்தான் தவறு.

99 ஆண்டுக் குத்தகை 2077இல் முடியும். 2026இல் கணக்குப் போட்டால் 51 ஆண்டு மீதி. வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயதாகும் வரை குத்தகை இருந்தால்தான் மசேநியை முழு அளவில் பயன்படுத்தலாம். 30 வயதுப் பெண்ணுக்கு 30ஐயும் 51ஐயும் கூட்டினால் 81. எனவே மசேநியும் வீவக கடனும் குறைக்கப்படும். வீடு பிடித்திருந்தும் பணம் புரளாது. 44 வயதுக்காரருக்கு 95 சரியாக வருகிறது. நாற்பதுகளின் நடுவில் இருப்பவர்களும், பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்கு வரும் பெரியவர்களும்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். மின்தூக்கி உங்கள் மாடியில் நிற்கிறதா, சந்தையும் பலதுறை மருந்தகமும் எத்தனை நிமிட நடை என்பதை விளம்பரத்தில் முன்னால் வையுங்கள். அலமாரிகளின் அழகு பின்னால் வரட்டும்.

புதுப்பித்த 50,000 திரும்பாது. வீவக மதிப்பீட்டில் அது பெரிய இடம் பிடிப்பதில்லை. ஆனால் சின்னக் குறைகள் விலையைப் பெரிதாக இழுக்கும். எழுபதுகளின் புளோக்குகளில் குளியலறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிவது சாதாரணம். சரிசெய்ய ஆகும் செலவைப்போலப் பல மடங்கை வாங்குபவர் மனத்துக்குள் கழித்துவிடுவார். பூசையறைப் பக்கம் சாம்பிராணிப் புகை படிந்த கூரைக்கும் ஒரு கை வெள்ளை அடியுங்கள். இவற்றை முடித்து ஆறு வாரம் பார்த்துவிட்டு விலையைத் தொடலாம். ஆறு மாதம் வேண்டாம். பழைய வீட்டில் குத்தகையும் சேர்ந்து கரைகிறது.

கேள்வி: விலையைக் குறைத்தால் கடனும் மசேநியும் போகக் கையில் ஒன்றும் மிஞ்சாது. பள்ளத்தில் விழாமல் எவ்வளவு வரை இறங்கலாம்?
– வாசகி, சுவா சூ காங்

430,000க்கு விற்கிறீர்கள், கடன் பாக்கி 190,000, வீட்டுக்காக மசேநியில் எடுத்துத் திருப்பிச் சேர்க்க வேண்டியதும் அதற்கான 2.5 விழுக்காட்டு வட்டியும் சேர்ந்து 262,000 என்றால் மொத்தம் 452,000. 22,000 துண்டு விழுகிறது. சந்தை மதிப்புக்கோ அதற்கு மேலோ விற்றிருந்தால் அந்தத் துண்டைக் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. மதிப்புக்குக் கீழே விற்றால் கட்ட வேண்டிவரும். ஆகவே உங்கள் அடிமட்டம் மதிப்புத் தொகைதான். முகவர் கட்டணம் 2 விழுக்காடு பேசியிருந்தால் 8,600, பொருள் சேவை வரி தனி. அதற்கு ரொக்கம் ஒதுக்கி வையுங்கள். ஆப்ஷனுக்கு வாங்கும் பணமும் மசேநிக் கணக்கில் சேர்க்க வேண்டியதாகலாம். அதை நம்பித் தளவாடம் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: கூட்டுரிமை வீடு வாங்கிவிட்டோம். கூடுதல் முத்திரை வரியைத் திரும்பப் பெற, பழைய வீட்டை ஆறு மாதத்துக்குள் விற்க வேண்டும். இரண்டரை மாதம்தான் பாக்கி.
– வாசகர், தெம்பனிஸ்

இன்றே குறையுங்கள். 1,200,000 வெள்ளி வீட்டை இரண்டாவது வீடாக வாங்கும் சிங்கப்பூரர் கட்டும் 20 விழுக்காடு 240,000. அதைக் காக்க 25,000 விட்டுக்கொடுப்பது பேச்சே அல்ல. ஆப்ஷன் காலம் 21 நாள், வீவக விண்ணப்பத்தை ஏற்ற பிறகு சுமார் எட்டு வாரம் என்று பின்னோக்கி எண்ணுங்கள். எந்தத் தேதியை விற்ற நாளாக எடுத்துக்கொள்வார்கள் என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீடு வாங்க வீவக தரும் தகுதிக் கடிதம் ஏற்கெனவே கையில் உள்ளவருக்கு மட்டும் ஆப்ஷன் கொடுங்கள். ஐயாயிரம் கூடத் தருகிறேன், கடிதத்துக்கு இனிமேல்தான் மனுப்போடுவேன் என்பவரை வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஜூலை நடுவிலிருந்து ஒருவரும் வரவில்லை. குறைக்கலாமா?
– வாசகர், செங்காங்

நம்மவர்களுக்கு ஆடி, அது முடியும்போது சீனர்களுக்கு ஏழாம் மாதம். அந்த வாரங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிய இரண்டு வாரமும் அப்படியே. இந்த இடைவெளியில் உங்கள் பேட்டையில் ஐந்தாண்டுக் குடியிருப்புக் காலத்தை முடித்து விற்பனைக்குத் தகுதிபெறப்போகும் புதிய புளோக்குகள் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அவை விளம்பரத்துக்கு வரும் முன்பே, செப்டம்பரில், புதிய விலையோடு இறங்குங்கள். முகவருடன் போட்ட தனியுரிமை ஒப்பந்தம் அதிகபட்சம் மூன்று மாதம். புதுப்பிக்கும்போது அந்த விலையையும் எழுதிக்கொள்ளுங்கள். விற்பனை எண்ணத்தை வீவகவில் பதிந்து 12 மாதம் ஆகப்போகிறதா என்றும் பாருங்கள். காலாவதியானால் மறுபடி பதிந்து, ஏழு நாள் பொறுத்துத்தான் ஆப்ஷன் கொடுக்க முடியும்.