பதில்: புள்ளியில்லாத பழுப்புக் குருவி எந்த இனம்?

வணக்கம். புள்ளிச் சில்லைக் கூட்டத்தோடு நெஞ்சில் செதில் கோலமே இல்லாத வெறும் பழுப்புக் குருவிகளும் புல்விதை தின்கின்றன, வேறு இனமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அதே இனத்தின் இளம்பறவைகள்தான். இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போதுதான் செதில் கோலம் வரும். பாதி மாறியவை திட்டுத்திட்டாகத் தெரியும், பார்க்க அவ்வளவு அழகு!

வெண்தொண்டைச் சில்லையா என்ற சந்தேகம் இருந்தால் வாலைப் பாருங்கள். அதற்கு நீண்டு கூரான கறுப்பு வால், பறக்கும்போது வெள்ளைப் பிட்டம் பளிச்சென்று தெரியும். கருந்தலைச் சில்லையின் குஞ்சுகள்தான் உண்மையில் குழப்பும், அவையும் இப்படியே பழுப்பு. ஆகவே தனிப்பறவையை வைத்து முடிவு செய்யாதீர்கள். புல்தண்டு வளையத் தொற்றிக்கொண்டு கதிரை உருவி, அலகிலேயே உமி நீக்கித் தின்னும்போது கூட இருக்கும் வளர்ந்த பறவைகளைக் கவனியுங்கள். வாலும் பிட்டமும் தெரிகிற படம் கிடைத்தால் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.