முதலில் மனச்சோர்வு, இப்போது பைபோலாரா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 24. போன வருடம் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள், தேறிவிட்டான். இப்போது பத்து நாளாக ராத்திரி இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறான், களைப்பே இல்லை. ஓயாத பேச்சு. கடன் வாங்கி மூன்று செல்போன் வாங்கிவிட்டான். வேறொரு டாக்டர் ‘பைபோலார்’ என்று லித்தியம் எழுதியிருக்கிறார். முதல் டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரா?
- வாசகி, திருச்சி

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. பைபோலார் என்பது மன எழுச்சியும் (உங்கள் தம்பியின் இந்தப் பத்து நாள் போல) சோர்வும் மாறிமாறி வரும் நோய். அது பலருக்குச் சோர்வாகத்தான் தொடங்கும். அப்போது பார்த்தால் சாதாரண மனச்சோர்வு போலவே இருக்கும். ‘முன்பு எப்போதாவது தூக்கமில்லாமல் துறுதுறுவென்று இருந்தானா?’ என்று துருவினால்தான் பிடிபடும். நோயாளி அதைச் சொல்லமாட்டார். அவருக்கு அவை நல்ல நாட்கள். வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

சோர்வும் நாட்டமின்மையும் இரண்டு வாரம் விடாமல் இருந்தால் மனச்சோர்வு நோய். லேசாக இருந்தாலும் இரண்டு வருடம் இழுத்தால் நாள்பட்ட சோர்வு. ‘அவன் சுபாவமே அப்படி’ என்று நாம் விட்டுவிடுவது பெரும்பாலும் இதைத்தான். மன எழுச்சி ஒரு வாரம் நீடித்தாலோ, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவந்தாலோ பைபோலார் முதல் வகை. நான்கு நாளாவது நீடித்து, பிழைப்பைக் கெடுக்காத எழுச்சியும் இடையிடையே கடும் சோர்வும் வந்தால் இரண்டாம் வகை.

பழைய சோர்வு மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறானா? உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பைபோலார் உள்ளவரை அது எழுச்சிக்குத் தள்ளிவிடலாம்.

லித்தியம் இந்த ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து. அதில் கவனிக்க வேண்டியது, ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் பரிசோதனையின் நேரம். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு, காலை மாத்திரைக்கு முன். மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் எழுச்சி திரும்பிவிடும். லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை பொதுவாகச் சரி. எழுச்சி உச்சத்தில் இருக்கும்போது டாக்டர் கொஞ்சம் கூடுதலாக வைப்பார். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து.

உப்பைத் திடீரென்று குறைக்க வேண்டாம். வெயிலில் வேர்த்துக்கொட்டினாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ உடலில் நீர் குறைந்து லித்தியம் ஏறிவிடும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வலி மாத்திரைகளும் அதை ஏற்றும். மெடிக்கல் ஷாப்பில் கேட்காமல் வாங்காதீர்கள். விரல் லேசாக நடுங்குவது சகஜம். வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். தைராய்டையும் சிறுநீரகத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும்.

எழுச்சி தணியும்வரை அவன் ஏடிஎம் கார்டு உங்களிடம் இருக்கட்டும். ராத்திரியில் சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.