யோகா ஆசிரியர் பயிற்சியில் முழங்கால்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் ஆசிரியர் பயிற்சியில் உடற்கூறியலுக்கு மிகக் குறைந்த நேரமே ஒதுக்கப்பட்டுள்ளது. முழங்காலைப் பொறுத்தவரை எதை முதலில் கற்பிக்கலாம்?

பதில்: எலும்புகளின் பெயர்கள் பிறகு வரட்டும், முழங்கால் எப்போது சுழலும், எப்போது சுழலாது என்பதை மாணவர்கள் தங்கள் காலிலேயே உணரட்டும். நாற்காலியில் அமர்ந்து, முழங்காலைச் செங்கோணமாக மடித்துக் குதிகாலை ஊன்றிப் பாதத்தைத் திருப்பினால், கீழ்க்கால் எலும்பு வெளிப்புறம் சுமார் 40 பாகையும் உட்புறம் சுமார் 30 பாகையும் திரும்புவதைக் கைவைத்து அறியலாம். காலை முழுதும் நீட்டியபின் திரும்புவது இடுப்பு மூட்டுதான். நீட்டலின் முடிவில் கீழ்க்கால் சற்று வெளிப்புறம் திரும்பி முழங்கால் பூட்டிக்கொள்கிறது.

கேள்வி: பத்மாசனத்தில் முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது என்று சொல்லும் மாணவரிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இடுப்பைக் கவனியுங்கள். பத்மாசனத்துக்குத் தேவையான சுழற்சி பெரும்பாலும் தொடையெலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் வெளிப்புறம் திரும்புவதால் கிடைக்க வேண்டியது. அது அங்கே கிடைக்காதபோது மாணவர் பாதத்தைக் கையால் இழுத்து மேலே ஏற்றுகிறார், குறைந்த சுழற்சியை முழங்கால் ஈடுசெய்கிறது, உட்பக்க மெனிஸ்கஸ் நசுங்குகிறது. வழக்கில் ஜவ்வு எனப்படும் இந்தக் குருத்தெலும்புத் தட்டு, உட்பக்க லிகமென்ட்டுடன் (எலும்புகளைப் பிணைக்கும் நாருடன்) ஒட்டியிருப்பதால் வெளிப்பக்கத் தட்டைப் போல எளிதில் நகர்ந்து தப்புவதில்லை. இரத்த ஓட்டமும் அதன் வெளி விளிம்பை ஒட்டியே உள்ளதால் உள்விளிம்பில் நேரும் கிழிசல் ஆறுவது அரிது. எனவே முழங்காலை முழுதாக மடித்து, தொடையை இடுப்பிலிருந்து திருப்பி, காலை ஒரே அலகாக நகர்த்தச் சொல்லுங்கள். உயர்ந்து நிற்கும் முழங்காலைக் கையால் அழுத்துவது, எந்தப் பரம்பரையின் பெயரால் செய்யப்பட்டாலும், தவறே. அத்தகைய மாணவர் சாதாரணச் சம்மணமான சுகாசனத்தில், மடித்த ஜமுக்காளத்தின் மேல் அமர்ந்தால் போதும்.

கேள்வி: முன்காலை மடித்து நிற்கும் வீரபத்ராசனத்தில் முழங்கால் கால்விரல்களைத் தாண்டவே கூடாதா?

பதில்: மாடிப்படி இறங்கும்போது தினமும் தாண்டத்தான் செய்கிறது. உள்நோக்கிச் சரிவதைத் திருத்துங்கள். முழங்கால் இரண்டாம் விரலின் திசையை நோக்கட்டும்.

கேள்வி: கால்களை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் “முழங்காலைப் பின்னுக்குத் தள்ளுங்கள்” என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சரியா?

பதில்: ஏற்கெனவே முழங்கால் பின்னோக்கி வளையும் இயல்புள்ளவர்களுக்கு அது கேடு, ஏனெனில் அவர்கள் தசையை விட்டுவிட்டு மூட்டின் பின்புற உறையிலும் லிகமென்ட்டுகளிலும் எடையைத் தொங்கவிடுகிறார்கள். தொடையின் முன்தசையை இறுக்கி முழங்கால் சில்லை மேலே இழுக்கச் சொல்லுங்கள். அத்தகையவர்கள் முழங்காலைச் சற்றுத் தளர்த்தி வைக்கலாம்.

கேள்வி: வஜ்ராசனத்தில் கால் மரத்துப்போனால் தாங்கிக்கொள்ளச் சொல்லலாமா?

பதில்: கூடாது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறச் சிற்றெலும்பின் கழுத்தைச் சுற்றிச் செல்லும் நரம்பு நீண்ட நேரம் அழுந்தினால் பாதத்தைத் தூக்கும் வலு குறையக்கூடும். அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் 1971-இலேயே இதை யோகாவுடன் தொடர்புபடுத்திப் பதிவு செய்துள்ளது. மரத்தல் தொடங்கியதுமே காலை நீட்டச் செய்யுங்கள். எழுந்தபின் பாதம் தொங்கினால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.