கும்பகோணம் பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டை விற்கும் முன் வண்ணம் அடிக்கலாமா?

தாத்தா கட்டிய வீட்டுக்கு வண்ணம் அடித்தால் நல்ல விலை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஈரத்தைக் கவனியுங்கள். வயலோரத்து மண்ணின் நீர் செங்கல் வழியே மேலேறி, காயும்போது உப்பைச் சுவரில் விட்டுவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி உரிந்துபோகும். பொரிந்த பூச்சைச் சுரண்டி, சுண்ணாம்புக் காரை பூசி, நன்றாகக் காய்ந்தபின் வெள்ளையடியுங்கள். உடைந்த ஓடுகளை ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றுங்கள்.

முற்றத்தைத் தகரத்தால் மூடியிருந்தால் தயவுசெய்து பிரித்துவிடுங்கள். அந்த வெளிச்சத்துக்காகவே இத்தகைய வீட்டைத் தேடி வருகிறார்கள். மரத் தூண்களுக்கு எனாமல் வேண்டாம், எண்ணெய் போதும்.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். வீடு பிடித்தவர் அடுத்துக் கேட்பது வில்லங்கச் சான்றையும் பட்டாவையும்தான்.