செமினாருக்கு சூசன் நோலன்-ஹோக்சிமாவை எடுங்க

உளவியல் ஆய்வாளர்கள் பெக், செலிக்மன் ரெண்டு பேரையும் வகுப்பில் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள், மனச்சோர்வை ஆராய்ந்த வேறு யாரைப் பற்றி பத்து நிமிஷம் பேசலாம் என்று கேட்டிருந்தீங்க. தயங்காமல் சூசன் நோலன்-ஹோக்சிமாவை எடுங்க. எனக்கு மிகவும் பிடித்த உளவியல் ஆய்வாளர்.

வாழ்க்கை வரலாற்றை ஒரே ஸ்லைடில் முடித்துவிடுங்க: 1959-இல் பிறப்பு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், பிறகு ஸ்டான்ஃபோர்டு, மிச்சிகன், யேல் பல்கலைக்கழகங்களில் பணி. 2013-இல் மறைந்தபோது வயது 53தான்.

மீதி நேரத்தை அவருடைய நிலநடுக்க ஆய்வுக்குக் கொடுங்க. 1989 அக்டோபர் 17 அன்று லோமா ப்ரியட்டா நிலநடுக்கம் கலிபோர்னியாவை உலுக்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம், மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள் என்று கேள்வித்தாள் கொடுத்து வாங்கி வைத்திருந்தார். அதே மாணவர்களை நிலநடுக்கத்துக்குப் பத்து நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் மறுபடி அளந்தார். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று துயரத்தையே அசைபோடும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகமாக இருந்தது, ஏழு வாரத்துக்குப் பிறகும். பேரிடருக்கு முன்பே எடுத்த அளவு கையில் இருப்பது எவ்வளவு அரிது என்பதை அழுத்திச் சொல்லுங்க.

ஆண்களைவிடப் பெண்களுக்கு மனச்சோர்வு ஏறக்குறைய இரு மடங்கு வருவது ஏன் என்ற கேள்விக்கும் இந்த அசைபோடுதலையே ஒரு காரணமாக முன்வைத்தார். கேள்வி நேரத்தில் அதைத்தான் கேட்பார்கள், தயாராகப் போங்க.