மார்ச் மாதப் பனியும் வீட்டின் உயரமும்: கேள்வி பதில்

பங்குனி வெயிலில் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு பனிப்பொழிவைப் பற்றிப் பேசுவது வேடிக்கைதான். ஆனால் நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது, மார்ச் பிறந்தால் "எங்களுக்கு ரெண்டடி, பக்கத்து ஊரில் ஒண்ணுமே இல்லை" என்று போன் வருகிறது. கொலராடோவில் பனியை அளக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். பனி, உயரம், புயல், இவற்றைப் பற்றிக் கேளுங்கள். விசா, டிக்கெட், ஸ்வெட்டர் எங்கே மலிவு என்பதெல்லாம் வேண்டாம். அப்புறம், ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். வீடு எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேவகோட்டை வாசகர்: மகள் டென்வருக்கு மேற்கே எவர்கிரீனில் இருக்கிறாள். செய்தியில் டென்வருக்கு 4 அங்குலம் என்றார்கள், அவள் வீட்டு வாசலில் முழங்காலுக்கு மேல். கார் தூரம் முக்கால் மணி நேரம்தான். எது பொய்?

இரண்டுமே உண்மை. டென்வர் 5,280 அடி, எவர்கிரீன் ஏறக்குறைய 7,040 அடி. மழை மேகத்துக்குள் ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும், அப்படியானால் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 3 டிகிரி. ஜனவரியில் இந்த 3 டிகிரியால் பெரிய வித்தியாசம் இல்லை, கீழேயும் மேலேயும் எல்லாம் உறைந்து கிடக்கும். மார்ச்சில் டென்வர் உறைநிலையை ஒட்டியே ஊசலாடிக்கொண்டிருக்கும், கீழே 2 டிகிரி என்றால் மேலே மைனஸ் 1. கீழே சேறும் ஈரமுமாக விழுவது மேலே சுத்தமான பனியாக நின்றுவிடுகிறது.

இது முதல் காரணம்தான். கொலராடோவின் கிழக்குச் சரிவில் பெரிய மார்ச் புயல் என்றால், தாழ்வழுத்தம் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் வந்து உட்கார்ந்து, சமவெளியிலிருந்து ஈரக்காற்றைக் கிழக்கிலிருந்து மேற்காக ராக்கி மலைமேல் மோத விடும். மோதிய காற்று ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் ஈரத்தைக் கொட்டும். ஆகவே மேலே பெய்வது அளவிலேயே அதிகம். மூன்றாவது, மேலே விழும் பனி உலர்ந்தது, பொசுபொசு என்று இருக்கும், அதே தண்ணீருக்கு அதிக அங்குலம் காட்டும். நான்காவது, மார்ச் வெயிலில் கீழே தரை சூடேறியிருக்கும், விழுவதில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துபோகும். இந்த நான்கும் ஒன்றோடொன்று பெருகிக்கொள்வதால்தான் 4 அங்குலம் 24 அங்குலமாகிறது.

2003 மார்ச் 17 முதல் 19 வரை அடித்த புயலை எடுத்துக்கொள்ளுங்கள். டென்வரில் 31.8 அங்குலம், அதுவே பெரிய கணக்கு. 8,000 அடிக்கு மேலே இருக்கும் ரோலின்ஸ்வில்லில் 87.5 அங்குலம், ஏழடிக்கும் மேல். அங்கிருந்து டென்வருக்கு ஒரு மணி நேரக் கார் பயணம்தான். எவர்கிரீனுக்குள்ளேயே மேட்டில் இருக்கும் வீட்டுக்கும் ஓடைக்கரை வீட்டுக்கும் வித்தியாசம் வரும். ஆகவே மகள் வீட்டு உயரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர் வாசகர்: 2 டிகிரி என்றால் தண்ணீர் உறையாதே, பனி எப்படி விழும்?

நல்ல கேள்வி. பூஜ்ஜியம் டிகிரி நிற்கும் உயரம் ஒன்று, பனி மழையாக மாறும் உயரம், அதாவது பனி மட்டம், இன்னொன்று. பனித்துகள் பூஜ்ஜியத்தைத் தாண்டி இறங்கியதும் உடனே கரைந்துவிடாது, கரைய நேரம் வேண்டும், அந்த நேரத்துக்குள் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். பொதுவாக உறைநிலை மட்டத்துக்குக் கீழே 300 மீட்டர், அதாவது 1,000 அடி வரை பனியாகவே வந்து சேரும். காற்று வறண்டிருந்தால் இன்னும் கீழே வரும், ஏனென்றால் துகளிலிருந்து ஈரம் ஆவியாகி, மண்பானைத் தண்ணீர் போலத் தன்னையும் சுற்றியுள்ள காற்றையும் குளிர வைத்துவிடும்.

அதைவிடச் சுவாரசியமான சங்கதி ஒன்று உண்டு. ஒரு கிராம் பனி கரைய 80 கலோரி வெப்பம் தேவை, அதைக் காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். தூறலாகப் பெய்தால் பெரிய பாதிப்பில்லை. அடித்துப் பெய்தால் காற்றே குளிர்ந்து, பனி மட்டம் மளமளவென்று கீழே இறங்கும். காலையில் மழை பெய்த ஊரில் சாயங்காலம் திடீரென்று வெள்ளையாகக் கொட்ட ஆரம்பிப்பது இப்படித்தான். வானிலை அறிக்கை "8 முதல் 20 அங்குலம்" என்று அகலமாகச் சொன்னால் திட்டாதீர்கள், எவ்வளவு வேகமாகப் பெய்யும் என்பதைப் பொறுத்து பனி மட்டம் எங்கே நிற்கும் என்பதே மாறும்.

புதுவயல் வாசகர்: மலை சூரியனுக்குப் பக்கம், சூடாகத்தானே இருக்க வேண்டும்?

சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது தம்பி, ரெண்டு கிலோமீட்டர் ஏறுவதால் ஒன்றும் ஆகாது. காற்று பெரும்பாலும் தரையிலிருந்து சூடாகிறது, மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து விரிந்து குளிர்கிறது. அவ்வளவுதான்.

கண்டனூர் ஆச்சி: என் மகன் வூஸ்டரில், என் நாத்தனார் மகன் பாஸ்டனில். எப்போதும் வூஸ்டருக்குத்தான் அதிகப் பனி என்று என் மகன் சொல்கிறான், நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை.

உங்கள் மகன் சொல்வது பெரும்பாலும் சரி ஆச்சி. பாஸ்டன் கடல்மட்டத்தில் இருக்கிறது, அதற்கு மேற்கே உள்நாட்டில் இருக்கும் வூஸ்டரின் மேட்டுப்பகுதி 1,000 அடி. கடலோரப் புயலில் காற்று கடலிலிருந்து வீசும், மார்ச் மாதக் கடல்நீர் உறைநிலைக்குச் சில டிகிரி மேலேதான் இருக்கும், அந்தச் சூடு போதும் பாஸ்டன் கரையோரத்தில் பனியை மழையாக்க. 1,000 அடி ஏறினால் தப்பிவிடும். ஆனால் "எப்போதும்" என்று சொல்ல வேண்டாம். 1997 மார்ச் 31, ஏப்ரல் 1 புயலில் பாஸ்டனில் மழையாகத்தான் ஆரம்பித்தது, பிறகு கொட்டிய கொட்டில் பனியாக மாறி 25.4 அங்குலம் சேர்ந்தது. வூஸ்டரில் 33. கோட்டையூர் வாசகருக்குச் சொன்ன கரைந்து குளிரும் கதைதான். நாத்தனாருக்கு அந்த 25.4ஐக் கொடுத்துச் சமாதானமாகிக்கொள்ளுங்கள்.

காரைக்குடி வாசகர்: மார்ச்சில் காஷ்மீர் போனால் பனி பார்க்கலாமா? எந்த ஹோட்டல் நல்லது?

ஹோட்டலுக்குப் பயண முகவரைக் கேளுங்கள். ஸ்ரீநகர் 1,585 மீட்டர், குல்மார்க் 2,650 மீட்டர். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு என்ற மழைப்புயல் மார்ச்சில் ஒன்று வந்தால், ஸ்ரீநகரில் குடை, குல்மார்க்கில் பூட்ஸ்.

பள்ளத்தூர் வாசகர்: அப்படியானால் உயரம் கூடக் கூடப் பனி கூடிக்கொண்டே போகும், சரிதானே?

சரியில்லை. லே 3,500 மீட்டர், குல்மார்க்கைவிட ரொம்ப உயரம். ஆனால் லேயில் வருடம் முழுக்க மழையும் பனியும் சேர்த்து ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் தண்ணீர்தான். மேகம் வரும் வழியில் பீர் பஞ்சாலும் இமயத்தின் பெரிய தொடரும் நின்று ஈரத்தை முன்னாலேயே கறந்துவிடுகின்றன. குளிர் இருந்தால் மட்டும் போதாது, கொட்டுவதற்கு ஈரம் வேண்டும். ரொம்ப உயரத்தில் காற்றில் ஈரமே குறைவு, அதனால் பெரிய மலைகளில் நடு உயரத்தில்தான் அதிகம் கொட்டும். எத்தனை அடி என்பதோடு காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, வீடு எந்தச் சரிவில் என்பதையும் கேட்க வேண்டும்.

இன்னொரு தேவகோட்டை வாசகர்: டென்வரில் மார்ச்சில் பனி பெய்யுமா?

பெய்யும். சராசரிக் கணக்கில் அங்கே அதிகப் பனி கொட்டும் மாதமே மார்ச்தான். மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

குன்றக்குடி வாசகர்: ஊட்டியிலும் பனி பெய்கிறதே. ஜனவரியில் நண்பர் படம் அனுப்பினார், புல்வெளி முழுக்க வெள்ளை.

அது உறைபனி, தரையிலேயே உண்டானது. மேலிருந்து விழவில்லை.

குன்றக்குடி வாசகர் மீண்டும்: கார் கூரையில் இருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள் அண்ணே. விழாமல் எப்படிக் கூரைக்கு வரும்? ஊட்டி 2,240 மீட்டர், மணாலி 2,050தான். மணாலியில் பெய்தால் ஊட்டியில் ஏன் பெய்யாது?

இதில் மணாலிக் கேள்வி அருமையானது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். கார் கூரை இரவில் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லென்று ஆகும், காற்றில் உள்ள ஈரம் அதன்மேலேயே நேராக உறைந்து படியும். இது நடக்க வானம் நிர்மலமாக இருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது. மேகம் வந்தால் போர்வை போர்த்தியது மாதிரி, வெப்பம் தங்கிவிடும், உறைபனி கிடையாது. ஊட்டியில் குளிர் உள்ள இரவில் மேகம் இல்லை, மேகம் உள்ள இரவில் அந்தக் குளிர் இல்லை. பனி பெய்ய இரண்டும் சேர்ந்து வர வேண்டும்.

உயரக் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டுக்கு மேலே காற்றில் பூஜ்ஜியம் டிகிரி வருவது ஏறக்குறைய 5,000 மீட்டரில். தொட்டபெட்டா 2,637, ஆனைமுடி 2,695, பாதி தூரம்தான் எட்டுகின்றன. மணாலி 32 டிகிரி வடக்கே இருக்கிறது, குளிர்காலப் புயலில் அங்கே உறைநிலை மட்டம் 2,000 மீட்டருக்கும் கீழே இறங்கும். உயரம் ஒன்றாக இருந்தாலும் மேலே இருக்கும் காற்று வேறு.

கொடைக்கானலில் பெண் கொடுத்த புதுவயல் வாசகர் ஒருவர் குறுக்கே: அண்ணே, கொடைக்கானலில் ஏப்ரலில் வானத்திலிருந்தே விழுந்தது, தரை வெள்ளையானது, நானே பார்த்தேன்.

அது ஆலங்கட்டி. இடிமேகத்தின் உள்ளே 5,000 மீட்டருக்கு மேலே உருண்டு திரண்ட கட்டி, கரைவதற்குள் தரைக்கு வந்துவிடுகிறது. கையில் எடுத்தால் உருண்டையாக இருந்ததா, பஞ்சாக இருந்ததா?

அவரே: உருண்டைதான். ஆனால் வெள்ளைதானே.

வெள்ளைதான்.

குன்றக்குடி வாசகர்: அப்போது தொட்டபெட்டா உச்சியில் இன்னும் அதிக உறைபனி இருக்க வேண்டுமே. ஊட்டியைவிட உயரம்.

இதைக் கேட்டதற்கு நன்றி, நீங்கள் என்னை மடக்கப் பார்த்தாலும் விஷயம் நல்லது. உறைபனிக்கு உயரக் கணக்கு தலைகீழ். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தாவிலும் குதிரைப்பந்தய மைதானத்திலும் வெள்ளை படிகிறது, மேட்டில் குறைவு. புயல் பனிக்கு மேடு, உறைபனிக்குப் பள்ளம். இதோடு ஊட்டிக் கேள்விகளை மூடுகிறேன், இனி யார் படம் அனுப்பினாலும் பதில் இல்லை.

ஆத்தங்குடி வாசகர்: பனியை எப்படி அளக்கிறார்கள்? ஸ்கேலை நட்டுப் பார்த்தால் போதுமா?

கடைசியில் என் வேலையைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டார். புதுப்பனிக்கு வெள்ளை அடித்த பலகை ஒன்றைத் திறந்தவெளியில் வைப்போம், விழுந்ததை அளந்து துடைத்துவிட்டு மறுபடி வைப்போம். அடிக்கடி துடைத்தால் கூட்டுத்தொகை ஏறும், ஏனென்றால் கிடக்கும் பனி தன் கனத்திலேயே அமுங்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் துடைக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பது அதற்குத்தான்.

மலையில் வேறு முறை. நுனியில் பல் வைத்த அலுமினியக் குழாயைப் பனிக்குள் அடிமண் தட்டும்வரை திருகி இறக்க வேண்டும். வெளியே எடுத்ததும் முதலில் நுனியைப் பார்ப்போம், கொஞ்சம் மண்ணும் புல்லும் ஒட்டியிருந்தால்தான் தரையைத் தொட்டது நிச்சயம். அதைக் கத்தியால் சுரண்டிவிட்டுக் குழாயோடு வில்தராசில் தொங்கவிடுவோம். தராசில் எடை இருக்காது, உள்ளே எத்தனை அங்குலத் தண்ணீர் என்றே நேராகக் காட்டும். அந்தத் தண்ணீர்தான் முக்கியம். சாதாரணமாக 10 அங்குலப் பனி ஓர் அங்குலத் தண்ணீர் என்பார்கள், மார்ச்சில் அடிவாரத்தில் விழும் ஈரப்பனி 5 அங்குலத்துக்கே ஓர் அங்குலம் தரும், உச்சியில் 15 அங்குலமும் வேண்டியிருக்கும். அடிவாரத்தில் ஓரடி என்று அலட்சியமாக நினைக்காதீர்கள், மரக்கிளையை முறிப்பதும் மின்கம்பியை அறுப்பதும் அந்த ஈரப்பனிதான். இதய நோய் உள்ள அப்பச்சிமார்கள் பிள்ளைக்கு உதவுகிறேன் என்று மண்வாரியைக் கையில் எடுக்க வேண்டாம்.

கானாடுகாத்தான் வாசகர்: மார்ச்சில் முக்திநாத் யாத்திரை. போனில் ஜோம்சோமுக்கு மழை என்று காட்டுகிறது, போகலாமா?

ஜோம்சோம் ஏறக்குறைய 2,700 மீட்டர், முக்திநாத் அதற்கு மேலே ஆயிரம் மீட்டர். கீழே மழை என்றால் மேலே பனி என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் காட்டும் எண் ஏதோ ஓர் உயரத்துக்கான எண், நீங்கள் நிற்கும் இடத்துக்கானது அல்ல. 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம்தான் நேபாளம் போய், முக்திநாத்துக்கு மேலே 5,416 மீட்டரில் இருக்கும் தோரங் கணவாய்ப் பக்கம் பனியாகக் கொட்டியது, அந்த மலைப்பகுதியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் வங்கக் கடல் மழையே அங்கே பனி. வழிகாட்டி "இன்று வேண்டாம்" என்றால் ஜோம்சோமிலேயே தங்கிவிடுங்கள். மூச்சுத்திணறல் பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

மற்றுமொரு வாசகர்: டென்வருக்கு எத்தனை அங்குலம் வரும்?

எத்தனை அடி உயரம்?

செட்டிநாட்டிலிருந்து ஒரு ஆச்சி: மகள் பேறுகாலத்துக்காக மார்ச் கடைசியில் போகிறோம். வீடு போல்டருக்கு மேலே மலையில், 8,000 அடி. மருத்துவமனை கீழே. அதற்குள் பனி நின்றிருக்குமா?

உயரத்தைச் சொல்லிக் கேட்டதற்கு முதலில் நன்றி ஆச்சி. நிற்காது. டென்வரிலேயே ஏப்ரல் கடைசிவரை பனி சகஜம், 8,000 அடியில் மே மாதமும் கொட்டும். அந்த மலைப்பக்கம் சில்வர் லேக்கில் 1921 ஏப்ரல் 14, 15ல் 24 மணி நேரத்துக்குள் 75.8 அங்குலம் விழுந்தது. அவ்வளவு வராது, ஆனால் ஒரு நாள் பாதை அடைபடுவதற்கு ஓரடியே போதும். நாள் நெருங்கும்போது அறிக்கையில் இரண்டைப் பாருங்கள்: தாழ்வழுத்தம் தென்கிழக்குக் கொலராடோவில் வருகிறதா, மலையை நோக்கிக் கிழக்குக் காற்று என்கிறார்களா. இரண்டும் இருந்தால் பெய்ய ஆரம்பிக்கும் முன்பே மகளைக் கீழே கூட்டி வந்துவிடுங்கள், தெரிந்தவர் வீடோ மருத்துவமனை பக்கத்தில் ஓர் அறையோ இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.